பரம்பரை மூளை நோய்: மருந்துச் சோதனை வருவதற்கு முன்பே கோலார் தங்கவயல் குடும்பங்கள் செய்துவைக்க வேண்டியது என்ன?

மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூரு செல்லும் அதிகாலை ரயிலைப் பிடிக்க ஒருவர் நடைமேடையில் வந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 38. கால்களை அகட்டி வைத்து நடக்கிறார். ஒரு பக்கம் சாய்கிறார், கம்பத்தைப் பிடித்துச் சமாளிக்கிறார். டிக்கெட் எங்கே என்று கேட்டால் பதில் குழறுகிறது. "காலங்காத்தால ஏத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று பின்னால் யாரோ சொல்வது அவர் காதில் விழுகிறது.

அவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. அவருடைய அப்பாவும் இப்படித்தான் நடந்தார், அவரையும் ஊர் இப்படித்தான் பேசியது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் அட்டாக்ஸியா உள்ளவர்களிடம் பேசிப் பாருங்கள், இந்தப் பேச்சைக் கேட்காதவர் அபூர்வம். நடை, கை அசைவு, பேச்சு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை மெல்ல மெல்லச் சிதைவதால் வரும் தள்ளாட்டம் இது. காரணங்கள் பல. நீண்டகாலக் குடியும் சிறுமூளையைக் கெடுக்கும், சில வலிப்பு மாத்திரைகளும் தள்ளாட வைக்கும். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தால், மரபணுவில் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வகை நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கும் முயற்சிகள் கடந்த சில ஆண்டுகளில் வேகம் எடுத்துள்ளன. ஒன்றிரண்டு வெற்றி பெற்றுள்ளன. பல தோற்றுள்ளன. ஒரு மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் கிளினிக்கல் டிரையல், நோயாளிகள் ஏற்கெனவே எண்ணப்பட்டு, அளக்கப்பட்டு, பதிவாகி இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போகிறது. பதிவில் இல்லாத குடும்பத்தை அது தேடி வராது. அதனால்தான் சோதனை அறிவிக்கப்படும் முன்பே தயாராவது முக்கியம் ஆகிறது.

எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம்?

எஸ்.சி.ஏ. எனப்படும் ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியாவை முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் 40-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தென்னிந்தியாவில் அதிகம் பார்க்கப்படுபவை எஸ்.சி.ஏ. 1, 2, 3. ஹன்டிங்டன் நோயும் இவற்றின் உறவுக்காரன்தான். அதில் தள்ளாட்டத்தைவிட, கட்டுப்பாடில்லாமல் கை கால் ஆடுவதும், குணம் மாறுவதும், நினைவு குறைவதும் முன்னால் நிற்கும்.

எஸ்.சி.ஏ. 1, 2, 3, ஹன்டிங்டன் ஆகியவற்றில் மரபணுவுக்குள் சி-ஏ-ஜி என்ற மூன்று எழுத்துகள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹன்டிங்டன் மரபணுவில் இந்த மூன்று எழுத்துகள் 26 முறை வரை வந்தால் இயல்பு. 40 அல்லது அதற்கு மேல் என்றால், போதிய காலம் வாழ்ந்தால் நோய் வந்தே தீரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது எண்ணிக்கை கூடலாம், அப்போது நோய் இன்னும் இளம் வயதிலேயே தலைகாட்டும். தாத்தாவுக்கு 50-ல் வந்தது பேரனுக்கு 30-ல் வருவது இப்படித்தான்.

இன்னொரு ரகம், பெற்றோர் இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்து, பிள்ளைக்கு 25 சதவீத வாய்ப்பில் வருவது. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா, வில்சன் நோய், லியூகோடிஸ்ட்ரோஃபி வகைகள் பல இதில் சேரும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் நம் வழக்கத்தில் இந்த ரகத்துக்கு வாய்ப்பு கூடுகிறது.

ஒரு முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலில் சிலவற்றுக்கு இன்றே சிகிச்சை உண்டு. வில்சன் நோயில் உடலில் செம்பு தேங்குகிறது. பெனிசிலமைன், துத்தநாகம் போன்ற மருந்துகளால் அதைக் கட்டுப்படுத்தலாம். வைட்டமின் ஈ குறைபாட்டால் வரும் அட்டாக்ஸியாவுக்கு அந்த வைட்டமினே மருந்து. ஆகவே சோதனை, ஆராய்ச்சி எல்லாம் அடுத்தது. சிகிச்சை உள்ள நோயா என்று பார்ப்பது முதலில்.

மருந்து எந்த நிலையில் இருக்கிறது?

ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவுக்கு ஓமாவெலாக்சலோன் என்ற மருந்தை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023 பிப்ரவரி 28-ல் அங்கீகரித்தது. அந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுதான். நோயைக் குணப்படுத்தாது, வேகத்தைக் குறைக்கும். (தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும் ஒரு பிப்ரவரி 28-ல்தான், 2001-ல். உலக அரிய நோய் தினமும் பிப்ரவரியின் கடைசி நாள். வெறும் தற்செயல்தான், ஆனால் தங்கவயல்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது.)

அந்த அங்கீகாரத்துக்கு அடிப்படையான முக்கியச் சோதனையில் இருந்தவர்கள் வெறும் 103 பேர். இவ்வளவு சிறிய சோதனைக்குத் துணை நின்றது, மருந்து எதுவும் கொடுக்காமல் பல ஆண்டுகளாக நோயாளிகளை அளந்துவந்த ஒரு தொடர் ஆய்வு. மருந்து சாப்பிட்டவர்களை, அதே வயதும் அதே நிலையும் கொண்ட அந்தப் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது.

எஸ்.சி.ஏ.-வில் கதை வேறு. டிரோரிலுசோல் என்ற மருந்தின் பெரிய சோதனை 2022-ல் இலக்கை எட்டவில்லை. ஓராண்டுக்குள் நோய் எதிர்பார்த்த அளவு முற்றவே இல்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். யாருக்கும் பெரிதாக மோசமாகாதபோது மருந்து உதவியதா என்று எப்படிச் சொல்வது? பிறகு மூன்றாண்டுத் தரவை வெளி நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கொண்டுபோனார்கள். 2025 நவம்பரில் எஃப்.டி.ஏ. ஏற்க மறுத்துவிட்டது.

ஹன்டிங்டனிலும் இதே சிக்கல்தான். 791 பேர் கலந்துகொண்ட டோமினர்சன் சோதனையில் மருந்து கொடுப்பது 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அடிக்கடி ஊசி போட்டுக்கொண்ட குழுவின் நிலை, மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட மோசமாகிவிட்டது. 2025 செப்டம்பரில் ஏ.எம்.டி.-130 என்ற மரபணு சிகிச்சை, மூன்றாண்டுகளில் நோயின் வேகத்தை 75 சதவீதம் குறைத்ததாகச் செய்தி வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி, உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். கவனிக்க வேண்டியது, அதிக அளவு மருந்து பெற்று மூன்றாண்டை முடித்தவர்கள் 12 பேர்தான். ஒப்பீடு, என்ரோல்-எச்.டி. என்ற சர்வதேசப் பதிவேட்டில் உள்ள நோயாளிகளோடு. அந்த ஒப்பீடு போதுமானதா என்று எஃப்.டி.ஏ. தயங்குவதாக நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது.

வென்றதும் தோற்றதும் இழுபறியில் நிற்பதும் எல்லாம் ஒரே கேள்வியில் போய் முட்டுகின்றன. மருந்து கொடுக்காவிட்டால் இந்த நோய் எந்த வேகத்தில் முற்றும்?

ஒரு புள்ளிக்கு ஏன் இத்தனை பாடு?

அட்டாக்ஸியாவை அளக்க 'சாரா' என்றொரு அளவுகோல் இருக்கிறது. நடை, நிற்பது, உட்காருவது, பேச்சு, விரலால் துரத்தித் தொடுவது, மூக்கைத் தொடுவது, கையை வேகமாகப் புரட்டுவது, குதிகாலை மறுகால் எலும்பின் மேல் இழுப்பது என்று எட்டுச் சோதனைகள். எந்தக் குறையும் இல்லையென்றால் 0. மிக மோசமென்றால் 40. ஊசி கிடையாது, இயந்திரம் கிடையாது, பயிற்சி பெற்ற ஒருவரும் சற்று இடமும் இருந்தால் போதும்.

ஐரோப்பாவில் 526 நோயாளிகளைப் பல ஆண்டுகள் இப்படி அளந்த ஆய்வு 2015-ல் வெளியானது. எஸ்.சி.ஏ. 1 உள்ளவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.11 புள்ளி ஏறியது. எஸ்.சி.ஏ. 2-க்கு 1.49, எஸ்.சி.ஏ. 3-க்கு 1.56, எஸ்.சி.ஏ. 6-க்கு 0.80.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. நோயின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் நல்ல மருந்து ஒன்று வருகிறது. எஸ்.சி.ஏ. 1-ல் ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் சுமார் 1 புள்ளி. எஸ்.சி.ஏ. 6-ல் 0.4 புள்ளி. சாராவின் மதிப்பெண்ணே முழுப் புள்ளி, அரைப் புள்ளி என்றுதான் ஏறும். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பில் அளந்தாலே ஒரு புள்ளி கூடிவிடலாம். இந்தச் சத்தத்துக்குள் அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க ஒன்று நிறையப் பேர் வேண்டும், இல்லை நீண்ட காலம் வேண்டும், இல்லை நோயின் இயல்பான போக்கு முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரிய நோயில் நிறையப் பேர் கிடைக்க மாட்டார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் எஸ்.சி.ஏ. 1, 3-க்காக 'ரெடிஸ்கா' என்ற ஆய்வையே தனியாக நடத்தியது இதற்காகத்தான். அதில் மருந்தே கிடையாது. சோதனைக்குத் தயாராவது மட்டுமே வேலை.

அரிதான ஒன்றைப் பிடிக்கக் காத்திருந்து அளப்பது தங்கவயலுக்குப் புதிதும் இல்லை. 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தது, மாதக்கணக்கில் கருவிகளை விழிக்க வைத்துக் காத்திருந்துதான்.

ஐரோப்பியர்களின் 2.11 நமக்கும் பொருந்துமா? உணவு, உடற்பயிற்சி மருத்துவம் கிடைப்பது, வேலை, மரபணுவின் மற்ற பகுதிகள் எல்லாம் வேறு. இங்கே அளந்தால்தான் தெரியும். எஸ்.சி.ஏ. 12 என்ற வகை உலகிலேயே அதிகம் காணப்படுவது இந்தியாவில், குறிப்பாக வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தில். அதன் போக்கை இந்தியா அளக்காவிட்டால் வேறு யாரும் அளக்கப்போவதில்லை.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு தமிழ்ச் சமூகத்தில் எஸ்.சி.ஏ. 1 வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதாக 2005-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தங்கவயலில் இந்த நோய் அதிகம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் தங்கவயல் குடும்பங்களின் வேர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கம் பரவிக் கிடக்கிறது. உங்கள் சித்தப்பா மகனுக்கு வேலூர் சி.எம்.சி.-யில் ஏற்கெனவே நோயின் பெயர் தெரிந்திருக்கலாம். ராபர்ட்சன்பேட்டையில் உள்ள நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கலாம். மாநில எல்லை மருத்துவக் கோப்புகளுக்கும் எல்லையாகிவிடுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து. ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையின் வம்ச வரைபடம் போடுங்கள். யாருக்கு இருந்தது, எந்த வயதில் தொடங்கியது, எப்போது இறந்தார், யார் யாரைச் சொந்தத்தில் கட்டினார்கள். 'குடிகாரர்' என்று பெயர் வாங்கிய தாத்தா உண்மையில் குடித்தாரா என்று பாட்டியிடம் கேளுங்கள். தொடங்கிய வயது யாருக்கும் நினைவில்லை என்றால் சுரங்க வேலையைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். அண்டர்கிரவுண்டில் இருந்து எப்போது சர்ஃபேஸ் வேலைக்கு மாறினார், எந்த வருஷம் வேலையை விட்டார் என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். பழைய சர்வீஸ் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. சுரங்கத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பெங்களூரு, சுமார் 100 கிலோமீட்டர். நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவும் மரபணு ஆலோசனையும் இந்த நோய்களில் நீண்ட அனுபவம் உள்ளவை. எஸ்.சி.ஏ. 1, 2, 3 தென்னிந்தியாவில் எப்படிப் பரவியிருக்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் 2007-லேயே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு என்றால், தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ் பெங்களூருவில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்த சிறப்பு மையம் உள்ளது. தமிழ்நாட்டுக்கு சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. இந்தக் கொள்கை 2021-ல் வந்தது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022-ல் மாற்றினார்கள். உங்கள் நோய் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மையத்திலேயே கேளுங்கள். தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன ஓமாவெலாக்சலோனுக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்குச் சுமார் 3,70,000 டாலர்.

மரபணு அறிக்கையை வாங்கும்போது 'பாசிட்டிவ்' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பாதீர்கள். எந்த மரபணு, எத்தனை சி-ஏ-ஜி என்று எண்ணாகவே இருக்க வேண்டும். சோதனையில் சேர்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். சில அறிக்கைகளில் 'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று வரும். அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. இந்தியர்களின் இயல்பான மரபணு வேறுபாடுகள் பற்றிய தரவு இதுவரை குறைவாக இருந்தது இதற்கு ஒரு காரணம். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதனால் சில ஆண்டுகள் கழித்துப் பழைய அறிக்கையை மறுபடி பார்க்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

அதன் பிறகு செய்ய வேண்டியது அலுப்பான வேலை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே மருத்துவமனைக்குப் போய் சாரா மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் பத்து அடி நடப்பதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. படங்களின் சி.டி.-யைத் தூக்கிப் போடாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். நடத்தும் அரிய நோய்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் நிலைகளும் உண்டு. யு.டி.ஐ.டி. அட்டைக்கும் இதே காகிதங்கள் உதவும். மருந்து வராவிட்டாலும் இந்த உழைப்பு வீண் போகாது. நடைப் பயிற்சியும் விழுங்குவதற்கான பயிற்சியும் எப்போது தேவை என்பதை இந்தக் குறிப்புகள்தான் காட்டும்.

நோயில்லாத பிள்ளைகளுக்கும் சோதித்துப் பார்க்கலாமா?

இதில் அவசரம் வேண்டாம். அறிகுறி இல்லாத 25 வயது மகள் பரிசோதித்து, வரப்போகிறது என்று தெரிந்துகொண்டால் அதைத் திரும்ப மறக்க முடியாது. தெரிந்துகொள்ள உரிமை இருப்பதுபோலத் தெரியாமல் இருக்கவும் உரிமை உண்டு. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசனை வேண்டும். பெரியவர்களானபின் வரும், தடுக்க வழியில்லாத நோய்களுக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அறிகுறி இல்லாமல் சோதிப்பதில்லை. மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. காப்பீடு, வரன் பேச்சு எல்லாம் இதில் வந்து மோதும். ஒருவருடைய முடிவு வீட்டில் மற்றவர்களின் ரகசியத்தையும் திறந்துவிடும் என்பதால் அண்ணன், தங்கையோடு முன்பே பேசிவிடுவது நல்லது.

அழைப்பு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில், உண்மையான சோதனையா என்று பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009-ல் இருந்து இது கட்டாயம். இணையத்தில் யாரும் தேடலாம், நோயின் பெயரைப் போட்டாலே போதும். சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'ஸ்டெம் செல் ஏத்தினா நடை சரியாயிடும்' என்று லட்சங்களில் கேட்பவர்களைப் பற்றி ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ஏற்கப்பட்ட சில ரத்த நோய்ச் சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல் பயன்பாடு அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டும்தான் நடக்கலாம்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தங்கவயலில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், மருத்துவர் பேசுவது ஆங்கிலம். தமிழ்ப் படிவம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். போலி மருந்துக் குழுவில் விழ எத்தனை சதவீத வாய்ப்பு? எத்தனை முறை பெங்களூரு வர வேண்டும், பயணச் செலவும் அன்றைய கூலியும் யார் தருவார்கள்? முதுகில் ஊசியா, மூளை அறுவைச் சிகிச்சையா? ஒரு மரபணு சிகிச்சையை எடுத்துக்கொண்டால் நாளை வரும் இன்னொன்றில் சேர முடியாமல் போகுமா?

2019-ல் வந்த புதிய மருந்துகள், கிளினிக்கல் டிரையல் விதிகள்படி, சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வேறு மருந்தே இல்லாத நோய்க்குச் சோதனை மருந்து பலன் தந்தால், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், சோதனை முடிந்த பிறகும் நிறுவனம் அதை இலவசமாகத் தர வேண்டும். 5 லட்சம் பேருக்கு மேல் போகாத நோய்க்கான மருந்தை இதே விதிகள் அரிய நோய் மருந்தாக வகைப்படுத்தி, அதன் சோதனைக்கான விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. நிறுவனங்களை இங்கே வரவழைக்கத்தான் அது.

உங்கள் ரத்தமும் தரவும் எங்கே போகும், முடிவை உங்களுக்குச் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள். வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் நான்சி வெக்ஸ்லர் குழு 1979-ல் இருந்து போய் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் வம்ச வரைபடத்தைத் தொகுத்தது. அந்த மக்கள் கொடுத்த ரத்தத்தால்தான் 1983-ல் ஹன்டிங்டன் மரபணுவின் இருப்பிடமும் 1993-ல் மரபணுவும் பிடிபட்டன. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் ஹன்டிங்டன் பரிசோதனை அவர்கள் தந்தது. மருந்துச் சோதனைகள் நடப்பது பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையை அதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் விலகும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.